பனியன் துணி போட்டு மூடிய சுரங்கம்

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு வெள்ளைக்கல் குவாரி. அங்கே துளை போடும் காசிமாயனுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டம் கொடுத்தவர் முதலாளி பொங்கியண்ணன். பனியன் கம்பெனி நடத்தியே கல்லின் குணத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர்.

காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முப்பது வருடம் பாறையோடு மல்லுக்கட்டியதில் ஒரு காது போய்விட்டது. மிச்சமிருந்த காதால் முதலாளியின் ஏச்சைக் கேட்டுக்கொள்வார். குவாரிக்கு அடியில் வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டிக் கைவிட்ட சுரங்கங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வரைபடம் கிடையாது. அதனால் கல் அள்ளும் ஹிட்டாச்சி மிஷினை ஏற்றுமுன் இருபதடிக்குத் துளை போட்டுப் பார்ப்பார். கம்பி திடீரென்று தொபுக்கென இறங்கினால் அடியில் பொந்து. அங்கே குச்சி நட்டுச் சிவப்பு பனியன் துணி கட்டுவார். அதைத் தாண்டி மிஷின் போகாது. ஹிட்டாச்சி ஓட்டும் ராஜ்கமல் அவருடைய மருமகன். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். காசிமாயனின் பயமெல்லாம் அதுதான்.

2006 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஓரிடத்தில் தரை உள்வாங்கியது. கல்லைக் கொட்டி அடைக்க வேண்டும் என்றார் காசிமாயன். முதலாளிக்கு வேறு யோசனை. பனியன் கம்பெனியில் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணி மலையாகக் கிடந்தது. இரண்டு லாரி துணியைக் குழியில் திணித்து, மேலே மண்ணைப் போட்டு நிரவினார். திருப்பூரில் வெட்டுத்துணிக்கு ஆயிரம் உபயோகம் உண்டு. மிஷின் துடைக்கலாம், பாய்லர் எரிக்கலாம், மெத்தை அடைக்கலாம். பூமியைத் தாங்க வைத்தவர் இவர் ஒருவர்தான்.

பூஜையன்று காலை, அந்த இடத்தில்தான் ஹிட்டாச்சியை நிறுத்திப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றார் முதலாளி. காசிமாயன் ஒரு துளை போட்டார். கம்பியை மேலே இழுத்தபோது நுனியில் ரோஸ் நிறக் குழந்தைப் பனியன் துணி சுற்றிக்கொண்டு வந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையானது.

“ஏனப்பா காசிமாயா, நல்ல நாளும் அதுவுமா அபசகுனம் பண்றே? நானே நின்னு நெரவுன எடமப்பா!”

“மிஷின் இருபது டன்னு முதலாளி. எம் மருமகன ஏத்த விடமாட்டேன்.” ஹிட்டாச்சிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“மாமா, மானத்த வாங்காதீக,” என்று மேலேயிருந்து பல்லைக் கடித்தான் ராஜ்கமல்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வருகிற நேரத்தில் அவருக்கு வேறெதுவும் வருவதில்லை. மாலை போட்ட புதுக் காரை ஓட்டிவந்து, நிரவிய இடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“பாத்துக்கங்கப்பா! ஏதாச்சும் ஆச்சா?”

ஆனது. முன்சக்கரம் ஒன்று முதலில் தாழ்ந்தது. பிறகு கார் அவசரமே இல்லாமல், மாலையோடு, கலர் கலரான துணிகளுக்குள் போயிற்று. தூசி அடங்கி எட்டிப் பார்த்தால் முப்பதடி ஆழம். ராஜ்கமல் மிஷினிலிருந்து இறங்கினான். அதன் செயினைப் பிடித்துக்கொண்டு மாமனாரையே பார்த்தான்.

முதலாளியின் கண் மேனேஜரைத் தேடியது. “பூபாலா, வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்குதல்லோ?”

“கட்டியிருக்குதுங்க.”

“எம் மருமகனுக்குக் கட்டியிருக்கீகளா முதலாளி?” என்றார் காசிமாயன்.

இரண்டு காதும் நன்றாக இருந்த முதலாளிக்கு அந்தக் கேள்வி மட்டும் கேட்கவில்லை.