அப்பா பிரித்துவிட்ட தையல்கள்

என் அப்பா புதுத் துணி தைப்பதில்லை. பழைய துணியைத் திருத்துவதுதான் அவர் தொழில். எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. நீளத்தைக் குறைக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், ஜிப் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று, இஸ்திரி மேசை ஒன்று, முழு ஆளும் தெரியும் கண்ணாடி ஒன்று. வாடிக்கையாளர்கள் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள், கேலியாக.

அப்பாவுக்கு ஒரு தொழில் நாகரிகம் உண்டு. யாருடைய உடம்பைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். வயிறு பெருத்துப்போனவர்கள் பழைய பேண்ட்டைக் கொண்டுவந்து, "துவைச்சதுல சுருங்கிடுச்சு மாஸ்டர்" என்று இழுப்பார்கள். "ஆமாங்க, இந்தத் துணி சுருங்கத்தான் செய்யும்" என்று அப்பா ஒத்துக்கொள்வார். அது சுருங்கவே சுருங்காத துணியாக இருக்கும். ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "துணி மேல பழியைப் போட்டா துணி கோவிச்சுக்காது" என்பார். கடைக்கு இது நல்ல குணம்தான். வீட்டுக்கு எப்படி ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். எட்டாம் எண் தடத்தில் பல வருடங்களாக ஓட்டுகிறாள். ரயில் நிலையத்தில் கிளம்பி, சந்தை, பெரிய மருத்துவமனை வழியாக ஆற்றங்கரை வரை போகும் தடம் அது. பணிமனையில் அவளை 'எட்டாம் நம்பர்' என்றுதான் சொல்வார்கள். வாய்த்துடுக்கு அதிகம். குறுக்கே வரும் கார்க்காரர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அம்மாவின் உடம்பு மாற ஆரம்பித்தது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, சீப்பு நிறைய முடி வந்தது. மற்றவர்கள் காற்றாடியைச் சுற்றவிட்டுக்கொண்டு இருக்கும்போது இவள் போர்வையைத் தேடுவாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. தண்ணீர் சரியில்லை, ஷிப்ட் சரியில்லை, வயது ஆகிறது.

ஒருநாள் அப்பாவின் அக்கா வந்திருந்தார். அத்தைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தேநீருக்கு வருவார், நாக்கையும் கூடவே கொண்டுவருவார்.

"ஏம்மா, ஸ்டியரிங் உன் வயித்துல முட்டலையா?"

"முட்டினா பிரேக் போட்டுக்குவேன் அண்ணி" என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே.

அத்தை போனபிறகு அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் சட்டையின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான்களுக்கு நடுவே துணி விரிந்து வாயைத் திறந்து நின்றது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அப்பா கதவோரம் நின்று அதைப் பார்த்தார்.

மறுநாள் துவைத்துக் காய்ந்த சீருடை இஸ்திரிக்கு வந்தபோது, அப்பா சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டார். பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, உள்ளே மடங்கியிருந்த துணியில் ஒரு விரல் அளவு வெளியே விட்டு மறுபடி தைத்தார். பேண்ட்டின் இடுப்புக்கும் அதே வைத்தியம். அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்மா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாருங்க மாஸ்டர், சரியாத்தான் இருக்கு. உங்க அக்காவுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."

"அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்றார் அப்பா. பாவம், அவர் முகத்தில் அன்று அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு துணி இறுக்கும் போலத் தெரியும்போதெல்லாம் அப்பா பிரித்துவிட்டார். உள்ளே இருந்த துணி தீர்ந்ததும், அதே நீலத்தில் துண்டுத்துணி வாங்கி, அக்குளுக்குக் கீழே கை மறைக்கிற இடத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்தார். அம்மா உடம்பு போட்டுக்கொண்டே போனாள். அம்மாவின் சட்டை மட்டும் அவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

அதுவரை நிறுவனம் சீருடைக்குத் துணியாகத்தான் கொடுத்துவந்தது. அம்மாவின் சீருடையை மட்டும் அப்பாவே புதிதாகத் தைப்பார். இந்த முறை தைத்த சட்டையாகவே கொடுக்கப் போவதாகச் சொல்லி, எல்லோரையும் பணிமனையின் சாமான் அறைக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார்கள். அம்மா தன் பழைய அளவைச் சொன்னாள். சட்டைக்குள் கை நுழைந்தது, தோள் நுழையவில்லை.

"அக்கா, ரெண்டு சைஸ் மேல தரட்டுமா?" என்று சாமான் அறைப் பையன் மெதுவாகத்தான் கேட்டிருக்கிறான். ஆனால் வரிசைக்கே கேட்டுவிட்டது.

"உங்க அளவு தப்புடா தம்பி. எங்க வீட்டுக்காரர் டெய்லர். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அவரைத்தான் கேக்கணும் அக்கா" என்று பின்னால் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் நேராக முன்னறைக்குப் போனாள். கொடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, அப்பாவின் மெஷின் மேல் விரித்தாள். தையல் பிரித்த இடங்களில் ஊசி ஓட்டைகள் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசையாக இருந்தன.

"இது என்ன மாஸ்டர்?"

"கொஞ்சம் தையல் விட்டுப் போயிருந்துச்சு. அதான்..."

"எனக்குத் தையல் தெரியாது. கண்ணு தெரியும். இது ஒரு வரிசை. இங்க ஒண்ணு. இங்க இன்னொண்ணு. எத்தனை தடவை விட்டுப் போச்சு? இந்தப் பட்டை யாரு சட்டைத் துணி?"

அப்பா மெஷினை நிறுத்தினார். "நீ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"டிப்போ டாக்டர் போன தடவை கேட்டார். உடம்பு போட்டிருக்கீங்களா, துணி எதுவும் இறுக்குதான்னு. எடை மெஷின் ரிப்பேர்ல கிடந்துச்சு. நான் சட்டையைப் பிடிச்சுக் காட்டி, கல்யாணத்துல இருந்து இதே அளவுதான் சார்னு பெருமையா சொன்னேன். அவரும் நல்லாத் தூங்குங்கன்னு அனுப்பிட்டார்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து அவள் சொன்னதை அதுவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"போன வாரம் ஆஸ்பத்திரி சிக்னல்ல நின்னேன். பின்னால ஹார்ன் அடிச்சப்பதான் கண்ணைத் திறந்தேன். எப்ப மூடினேன்னு தெரியல. வண்டி நின்னுட்டு இருந்துச்சு, நல்ல நேரம். ஓடிட்டு இருந்திருந்தா? உள்ள நிக்க இடமில்லாம ஆளுங்க. உடம்புல என்னமோ கோளாறுன்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கு வண்டியே எடுத்திருக்க மாட்டேன். நான் குண்டானதை என்கிட்ட மறைச்சுட்டதா நினைச்சீங்க. எனக்கு நோவு இருக்கறதையே மறைச்சுட்டீங்க."

அப்பா அந்தச் சட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தார். மடிக்காமலே வைத்துவிட்டார்.

மறுநாள் அம்மா தானாகவே பணிமனை மேலாளரிடம் போய், சிக்னலில் கண் அசந்ததைச் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். 'கண்ணாடிக் கூண்டு' என்று அம்மா அதற்குப் பெயர் வைத்தாள். உடம்பு தேறி, மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி எட்டாம் எண்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. தைராய்டு சுரப்பி மிகவும் மந்தமாகிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரையும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மருத்துவர் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசினார். "நீங்க சோம்பேறி இல்ல. உடம்பு எரிக்க வேண்டியதை எரிக்காம சேர்த்து வைக்குது. காலையில வெறும் வயித்துல இந்த மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் டீ கூட வேணாம். முதல்ல அசதி போகும். எடை மெதுவாத்தான் குறையும். சிலருக்குக் கொஞ்சம்தான் குறையும். நடங்க, சாப்பாட்டுல மாவும் இனிப்பும் குறைங்க. குறையலையேன்னு பாதியில விட்டுடாதீங்க."

"நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"அதை அவங்ககிட்ட கேளுங்க."

அப்பா கேட்கவில்லை. செய்த தப்புக்கு ஈடுகட்டும் வேகத்தில் நேராக வேலையில் இறங்கிவிட்டார். பிஸ்கட் டப்பா காணாமல் போனது. சர்க்கரை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஆனது. அம்மா தட்டில் எதை எடுத்தாலும் பக்கவாட்டில் ஒரு பார்வை. நடக்கப் போனால் பத்தடி முன்னால் போய் நின்று, "வா, வா" என்று கையாட்டுவார். எந்த வாடிக்கையாளர் எந்தக் கஷாயத்தைச் சொன்னாலும் சாயங்காலம் அது அம்மாவின் டம்ளரில் இருக்கும்.

ஒருநாள் அம்மா டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். "இங்க பாருங்க. என்னை ஒரு கிழிஞ்ச பேண்ட்டுன்னு நினைச்சுட்டீங்களா, ராவோட ராவா சரி பண்ணிக் கொடுக்க? எனக்குக் காவல் வேணாம். கூட நடங்க, பக்கத்துல. நான் கேட்டா இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லுங்க. அவ்வளவுதான்."

பக்கத்தில் நடப்பது அப்பாவுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. அடுத்ததுதான் அவருக்கு வரவில்லை.

சில மாதங்களில் அம்மாவின் குரல் தெளிந்தது. முகத்தின் ஊதல் வடிந்தது. மத்தியானம் கவுண்டரில் கண் சொக்குவது நின்றது. ஆனால் உடம்பு மட்டும் இடத்தைக் காலி பண்ண மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணாடி முன்னால் வந்து நின்று கைகளைத் தூக்கினாள். "அளந்து சொல்லுங்க மாஸ்டர்."

அப்பா நாடாவை இடுப்பில் சுற்றினார். நான் இஸ்திரி மேசைப் பக்கம் இருந்தேன். நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும், கேட்க நன்றாக இருக்கும் ஒரு எண் வந்துவிடும். அப்பாவின் விரல் இறுக்கியது. பிறகு தளர்ந்தது.

"போன மாசம் இருந்ததேதான்" என்றார். "துளியும் குறையல."

அம்மாவின் கண் கலங்கியது. இனிப்பைத் தொடாமல், மழையிலும் நடந்து, இதுதான் பலன் என்றால் யாருக்குத்தான் கலங்காது? அப்பா மருத்துவர் சொன்னதை எடுத்துவிடுவார், சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"சரி" என்றாள் அம்மா கடைசியில். "செருப்பைப் போடுங்க. நடந்துட்டு வரலாம்."

அடுத்த முறை வந்த அத்தை, "இத்தனை மாத்திரை தின்னும் அப்படியேதானே இருக்கா" என்று ஆரம்பித்தார். "அக்கா, அவ உடம்பைப் பத்தி அவ பேசட்டும். உனக்கு டீ வேணுமா வேணாமா?" என்று அப்பா கேட்டார். அத்தை டீ குடித்தார், அமைதியாக.

அதற்குப்பின் வந்த பரிசோதனையில் தைராய்டு அளவு சரியான இடத்துக்கு வந்திருந்தது. எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எடைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் சம்பந்தமில்லை, அசதிதான் முக்கியம் என்று சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாத்திரை அளவை மட்டும் லேசாக மாற்றினார். அசதி திரும்புவது போலிருந்தால் உடனே வரவேண்டும் என்றார். அம்மா எட்டாம் எண்ணில் ஏறினாள். பழைய பயணிகள் சிலர் கை கொடுத்தார்களாம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அம்மா கேட்பாள்: "மாஸ்டர், எப்படி இருக்கேன்?" அப்பா முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கே, கிளம்பு" என்பார்.

அடுத்த வாரம் ஒருநாள் அப்பா அப்படிச் சொல்லவில்லை.

"கண்ணு இழுக்குது. நேத்து சாப்பிடறப்ப ரெண்டு தடவை அசந்துட்டே, நான் பார்த்தேன். இன்னைக்கு வண்டி எடுக்க வேணாம்."

அம்மா கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "வண்டி ஏறி ஒரு வாரம்தான் ஆச்சு. இப்பவே லீவு கேட்டா திரும்ப அந்தக் கூண்டுக்குள்ள தள்ளிடுவாங்க. அப்புறம் இந்த ஜென்மத்துல எட்டாம் நம்பர் கிடையாது."

"தள்ளலாம்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

"சாதாரண அசதி. போகப் போக சரியாயிடும்."

"நீ கேட்டே, சொல்லிட்டேன். போறதும் போகாததும் உன் இஷ்டம்."

அம்மாவைத் தடுக்க அப்பா வாசலை மறிக்கவும் இல்லை, பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தை எவ்வளவோ நாள் நம்பிக் கெட்டவள் அவள். பிறகு குனிந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். போனை எடுத்துப் பணிமனையில் பேசினாள். மாத்திரை மாற்றியதிலிருந்து அசதியாக இருக்கிறது, இன்று ஓட்ட முடியாது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எதிர்முனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "சரிங்க, சரிங்க" என்று வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

சாயங்காலம்தான் மருத்துவர் வருவார். அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். முன்னறையில் அப்பா மெஷினின் சுவிட்சைத் தொடவில்லை. ஊசியில் நூலைக் கோத்து, அன்று தரவேண்டிய பேண்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையாளர்களிடமும் வாசலுக்குப் போய் மெதுவாகப் பேசி அனுப்பினார்.

மத்தியானம் தாண்டி அம்மா எழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. அப்பா கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர், கரண்ட் இல்லையா?"

"இருக்கு" என்றார் அப்பா.