பேனல் பெட்டிக்குள் ஒரு ரொட்டி

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்டு வேலை பார்ப்பவன் நான். எல்லா மெஷினுக்கும் கரண்டு போகிற பேனல் பெட்டி, நோர்வூட் மலைக் குளிரில் எப்போதும் கதகதப்பாக இருக்கும். போன வருடம் அதன் கைப்பிடி உடைந்து கதவு ஆடத் தொடங்கியதுதான் தாமதம், ஆளாளுக்கு ரொட்டியைச் சூடாக்க உள்ளே வைத்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கொண்டியை வெல்டிங் செய்து பெரிய பூட்டாகப் போட்டேன். அதற்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பாதுகாப்புப் பரிசோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழும் பேசுவார். பேனல் சரியில்லை என்று அவர் சொன்னால் மெஷின் நிற்கும். மாடியில் வாடப் போட்டிருக்கும் கொழுந்து முழுக்கப் பாழாகும். எனக்கோ பயமே இல்லை. பூட்டைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் பூட்டை ஆட்டிப் பார்த்தார். “மெயின் சுவிட்ச் எங்க?”

“உள்ளுக்குத்தான் சேர். சாவி என்கிட்ட மட்டுந்தான். ஒரு பய கை வைக்க முடியாது.”

“ஒருத்தர் கை மெஷின்ல மாட்டுது. நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. யாரு நிப்பாட்டுறது?”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். “திறங்க” என்றார். திறந்தேன். கரண்டு ஓடுகிற செப்புப் பட்டைகளுக்குக் கீழே, நீல மூடி போட்ட டப்பா ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அட கடவுளே, என் சாப்பாட்டு டப்பா!

தூள் சலிக்கிற பக்கம் வேலை செய்யும் என் மனைவி ஓடி வந்தாள்.

“என்னடி இது? சாவி ஏது ஒனக்கு?”

“வீட்டுல சாமி படத்துக்கிட்ட ரெண்டாவது சாவி தொங்குதே! ஆறின ரொட்டின்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க. அதான் தெனமும் இங்க வச்சு எடுக்குறேன்.”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் டப்பாவை எடுக்கக் குனிந்தேன். செப்புப் பட்டைக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வளையல் போட்ட அவள் கை தினமும் இதற்குள் போய் வந்திருக்கிறது.

அதிகாரி மெயினை அணைத்தார். “கொண்டி, பூட்டு ரெண்டும் விதிப்படி சரி வராது. மெயின யாரும் அணைக்கிற மாதிரி வெளிய கைப்பிடி வேணும். அதத் திருப்பிக் கரண்ட அணைச்சாத்தான் கதவு திறக்கணும். போட்டுட்டு மெஷின ஓட்டுங்க.”

ஆட்டோ பிடித்து ஹட்டன் டவுனுக்குப் பறந்து, அப்படியொரு கைப்பிடியை வாங்கி வந்தேன். கொழுந்து கெடுவதற்குள் மாட்டியும் விட்டேன். மெஷின்கள் மறுபடி ஓடின.

அதிகாரி கதவை இழுத்துப் பார்க்கப் போனார். “கொஞ்சம் இருங்க சேர்” என்று மனைவியைக் கூப்பிட்டேன். “நீ இழு.”

இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

“இனிமே ஆறின ரொட்டிதாங்க” என்றாள்.

“ஐஸ் கட்டியா இருந்தாலும் திங்கிறேன், போ” என்றேன். போ என்றேனே தவிர, அத்தனை பேர் பார்க்க அவள் கையைப் பிடித்தவன் விடவேயில்லை.