ரொக்கக்காரம்மா கட்டிய தவணை

"விண்ணப்பதாரர்: பெண், வயது ஐம்பத்திரண்டு. கடன் வரலாறு: இல்லை. நாணயம்: கணிக்க இயலவில்லை. பரிந்துரை: நிராகரிக்கலாம்."

கார் விற்பனைக் கூடத்துக் கணினி இப்படித் தீர்ப்பெழுதிய அந்த அம்மாள், முப்பது ஆண்டுகளாகத் திரைச்சீலை தைத்துப் பிழைப்பவர். ஒருவரிடமும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. துணிக்கடைக்காரர் "அடுத்த வாரம் கொடுங்கம்மா" என்று கெஞ்சினாலும், அன்றே எண்ணி வைத்துவிட்டுத்தான் துணியைத் தொடுவார். தெருவில் அவர் பெயரே ரொக்கக்காரம்மா. தன்னிடம் தைக்கக் கொடுப்பவர்களுக்கு மட்டும் வேறு சட்டம்: திரையை மாட்டி, ஒரு காலை வெயில் அதன்மேல் விழுந்து, வீட்டுக்காரர்களுக்கு மனம் நிறைந்த பிறகே கூலி. ஆக, ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர். கடன் என்றால் என்னவென்று அறியாதவர். கணினிக்கு இதில் பின்பாதி மட்டும் தெரிந்திருந்தது.

அவர் கார் தேடக் கிளம்பியதற்குக் காரணம் எட்டடிக் கம்பி. திரை தொங்கும் அந்தக் கம்பி டாக்சிக்குள் அடங்காது. ஜன்னல் வழியே தலையை நீட்டும். அவரைக் கண்டாலே டாக்சிக்காரர்களுக்கு எங்கேயோ அவசர வேலை வந்துவிடும்.

எனவே கம்பியோடுதான் கார் பார்க்கப் போனார். எஞ்சின் எப்படி, எரிபொருள் எவ்வளவு குடிக்கும் என்று ஒன்றும் கேட்கவில்லை. முன் இருக்கையை மடக்கச் சொல்லி, கம்பியை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்திப் பார்த்தார். இரண்டு கடைகளில் கதவு மூடவில்லை. மூன்றாவது கடையின் பச்சை நிற வண்டியில் 'டப்' என்று மூடிக்கொண்டது.

"இதான் என் வண்டி. மொத்தமும் ரொக்கம்," என்று பையை மேஜைமேல் வைத்தார்.

விற்பனையாளரின் முகம் வாடியது. "போர்டுல இருக்கிறது தள்ளுபடி விலைங்க மேடம். ஃபைனான்ஸ்ல வாங்குறவங்களுக்கு மட்டும்தான். அதுவும் இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது. இந்த மாடல்ல இதான் கடைசி வண்டி."

"கையில காசு வெச்சிருக்கிறவளுக்கு விலை கூட, இல்லாதவங்களுக்குக் கொறச்சலா?"

"ஃபைனான்ஸ் கம்பெனி எங்களுக்குக் கமிஷன் குடுக்குது மேடம். நீங்க என்ன குடுப்பீங்க?"

"நன்றி சொல்லுவேன்."

அது செல்லுபடியாகவில்லை. பையில் இருந்ததோ சரியாகத் தள்ளுபடி விலைதான். வேறு வழியின்றி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடனுக்கு விண்ணப்பித்தார். கணினி மேற்படி தீர்ப்பை எழுதியது.

துணைக்கு வந்த கணவர் அப்போது மூன்றாவது இலவசக் காப்பியில் இருந்தார். பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளர். குளிர்பெட்டி, கைபேசி, கைக்கடிகாரம் எல்லாமே அவருக்குத் தவணைதான். ஒருமுறை குடையைக்கூட அப்படி வாங்கினார். மழைக்காலம் முடிந்தும் குடைக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. "இந்த வீட்டுல எது நம்மளது, எது கடைக்காரனுதுன்னே தெரியல" என்பது ரொக்கக்காரம்மாவின் இருபத்தாறு வருடப் புலம்பல்.

விற்பனையாளர் சும்மா ஒரு பேச்சுக்கு கணவருடைய அடையாள அட்டை எண்ணையும் தட்டிப் பார்த்தார். கணினித் திரை பச்சையானது. விற்பனையாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார்! பதினேழு கடன். ஒரு தவணைகூடத் தவறல. உங்களை மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்ல!"

கணவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "காதுல விழுந்துச்சா? இத்தனை வருஷமா நான் கடன் வாங்கல. நாணயத்தைச் சேர்த்து வெச்சிருக்கேன்."

"ரொம்பத்தான். இறங்கி வாங்க."

"அப்ப வண்டியை சார் பேர்லயே போட்டுடலாம்," என்றார் விற்பனையாளர்.

ரொக்கக்காரம்மா எழுந்து போய் வண்டியிலிருந்து கம்பியை உருவினார். "முப்பது வருஷம் குனிஞ்சு தைச்சது நான். வண்டி வேற ஆள் பேர்லன்னா எனக்கு வேண்டாம். அது இவரா இருந்தாலும் சரி."

பெரிய மனிதராகிப் பத்து நிமிடம்கூட ஆகாத கணவர், அந்தப் பதவியை அங்கேயே விட்டுக்கொடுத்தார். "தம்பி, வண்டி அவ பேர்ல. கடனும் அவ பேர்ல. நான் ஜாமீன் போடறேன். மொத்தப் பணத்தையும் பையில வெச்சுக்கிட்டுக் கடன் வாங்குற ஆளுக்கு ஜாமீன் நிக்க யாருக்குக் கசக்கும்?"

ரொக்கக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காசாளர் மேஜை வரை அது பரவியது.

கணினியும் ஜாமீனை ஏற்றது. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆறு தவணையாவது கட்ட வேண்டும், அதற்கு முன்பே முடித்தால் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டும். ரொக்கக்காரம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஆறு மாத வட்டி, தள்ளுபடியில் கால்வாசிகூட வரவில்லை.

"அதுவரைக்கும் நான் கடன்காரியா?"

"முதல் மாசம்தான் ஒரு மாதிரி இருக்கும்," என்றார் கணவர் அனுபவசாலியாக. "அப்புறம் பழகிடும்."

சாயங்காலம் ரொக்கக்காரம்மா வண்டியை ஓட்டினார். முன் இருக்கையில் கம்பி உட்கார்ந்திருந்ததால் கணவர் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். டாக்சி நிறுத்தத்தைத் தாண்டும்போது, அம்மாள் எந்த அவசியமும் இல்லாமல் மூன்று முறை ஹார்ன் அடித்தார்.

ஆறு தவணையையும் முதல் தேதியிலேயே கட்டினார். ஏழாம் மாதம் மீதியை ஒரே தொகையாகக் கட்டிக் கடனை முடித்தார். அடுத்த வாரம், யாருடைய ஜாமீனும் இல்லாமல், தையல் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினார்.