எஃப்.சி.க்குப் போன மோட்டார்

எட்டாம் வகுப்பில் சேலத்து ரோபோ போட்டிக்காக நான் செய்த வண்டியை ஓட்டியது, அப்பாவின் பழைய லாரியிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார். பழைய மின்சாமானைப் போட்டியில் சேர்ப்பார்களா என்று விதிகளில் ஒரு வரிகூட இல்லை. அறிவியல் டீச்சர் போட்டி நடத்துபவர்களைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இடைவேளை மணி அடித்தால் போதும், டீச்சரின் செல்போன் முன்னால் போய் நிற்பேன். வீட்டுக்கு வந்தால் அப்பா பிடித்துக்கொள்வார்.

"பதில் வந்துச்சா சாமி?"

"இன்னும் வரலீங்கப்பா."

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் மோட்டாரை மட்டும் கழற்றி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு எடுத்துப் போனார். எங்கள் பக்கத்தில் எந்த லாரியும், ஓடத் தகுதியானது என்று சான்று தரும் எஃப்.சி. சோதனைக்கு அழுக்காகப் போகாது. பெயின்ட் அடித்து, பொட்டு வைத்துத்தான் அதிகாரி முன்னால் நிறுத்துவார்கள். மோட்டாரும் பச்சைப் பசேலென்று திரும்பி வந்தது. எனக்கும் ஏகப் பெருமை.

மறுநாள் நானும் அப்பாவும் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி, சேலத்தை நெருங்கும்போது டீச்சர் அப்பாவின் போனுக்கு அழைத்தார். பழையது தாராளமாகச் சேருமாம். எத்தனை வோல்ட் என்று லேபிளில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். பையைத் திறந்து பார்த்தேன். மோட்டாரில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் பெயின்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி, போட்டி நடந்த கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்து அப்பா தேய்த்தார். பெயின்ட் போனது, கூடவே எழுத்தும் போனது. உள்ளே வண்டிகளைச் சோதித்தவர் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மத்தியானம் சரி பண்ணிக் கொண்டாந்தா பாப்பீங்ளா சார்?" என்று அப்பா கேட்டார். எஃப்.சி.யில் அப்படித்தான் வழக்கம். இங்கே அந்த வழக்கமில்லை.

வெளியே வந்ததும் வெடித்தேன். "அழுக்காவே உட்டிருந்தா சேத்திருப்பாங்கப்பா! உங்களை ஆருங்க பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

அப்பா விரலில் ஒட்டிய பச்சையைத் துடைத்தபடி, உள்ளே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்தார். அவர்கள் கையில் எல்லாம் புதுப் பெட்டிகள்.

"பழசக் கொண்டாந்திருக்குதுன்னு எம் புள்ளைய ஆரும் சொல்லிரக் கூடாதுன்னு பாத்தேன் சாமி."

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. பழசு சேரும் என்று பதிலே வந்துவிட்டது, பிறகு யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று ஊர் வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பயந்தது விதிக்கு இல்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.