அத்தையின் முட்டிவலி

பித்தளை விசில் அது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கயிறு. ஊதினால் சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளம்பப் போகிற பஸ்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். அதற்குச் சொந்தக்காரி என் அத்தை, அப்பாவின் தங்கை. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பள்ளி மைதானத்தில் ஊதியதைவிட எங்கள் வீட்டுக் கல்யாணங்களில்தான் அந்த விசிலை அதிகம் ஊதியிருப்பாள்.

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் காலையிலேயே வெளியூரிலிருந்து வந்து இறங்கிவிடுவார்கள். வரவேற்போ மாலையில்தான். நடுவில் கிடக்கும் அந்த நீண்ட பகலில் அவர்களை மண்டபத்தில் விட்டுவைக்கக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். "சும்மா இருக்கற வாய்தான் குத்தம் கண்டுபிடிக்கும்" என்பாள். அதனால் டிபன் முடிந்த கையோடு எல்லோரையும் வேனில் அடைத்து ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிடுவாள். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மலைக்கோட்டை, ஏறி முடிக்கும்போது குறை சொல்ல யாருக்கும் மூச்சு மிஞ்சாது. அடுத்தது ஸ்ரீரங்கம், ராஜகோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எப்பேர்ப்பட்ட சம்பந்திக்கும் கொஞ்சம் பணிவு வந்துவிடும். கடைசியில் முக்கொம்பு. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் சண்டை போட்டதாகச் சரித்திரமே கிடையாது. கோயிலுக்குள் விசில் ஊத மாட்டாள். வாசலுக்கு வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது.

என் தங்கையின் கல்யாணத்தில்தான் இந்த வைத்தியத்துக்குச் சோதனை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்காரர்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காக்கி நிறத்தில் ஒரு சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு வேனின் முன் சீட்டிலிருந்து இறங்கினார். வேன் டிரைவரோ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பதற்றத்தில் இருந்த என் அப்பா டிரைவருக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். போகிற போக்கில் திரும்பி, காக்கிச் சட்டை மாமாவிடம் வண்டியைப் பின்பக்கம் நிறுத்தச் சொல்லி, டிரைவர்களுக்கு அங்கேதான் டிபன் என்றும் சொல்லிவிட்டார். அந்த டிரைவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சந்தனத்தைப் பூசிக்கொண்டு ராஜா மாதிரி நடந்து போனார்.

மதுரை மாமா கத்தவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா வந்து கெஞ்சியபோது ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாளைக்கு மாலை எடுத்துக் குடுக்க அந்த டிரைவரையே கூப்பிட்டுக்கங்க. நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மாப்பிள்ளை மணமேடை ஏறுவது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. இவர் பஸ் ஏறினால் கல்யாணமும் பஸ் ஏறிவிடும். விஷயம் மணப்பெண் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கையிலும் மருதாணி காயாமல் இருந்த என் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் அழுதாள். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. அப்பா அத்தனை பேர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாயிற்று. இன்னும் என்ன, காலில் விழ வேண்டுமா? நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, அதுவரை ஊரைப் பார்க்கலாமே என்று அவரை அழைத்தாள். அவருடைய அக்கா அழுத அழுகைக்காகத்தான் அவர் வேனில் ஏறினார்.

மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னிதி வருவதற்குள்ளேயே எல்லோருக்கும் நாக்குத் தள்ளிப்போயிற்று. மதுரை மாமா மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி விறுவிறுவென்று ஏறி, உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, காவிரியையும் அக்கரையில் நின்ற கோபுரங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கியும் வந்துவிட்டார். வேர்வைகூட இல்லை. எங்கள் ஊரில் இதெல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற மலை என்றார். அத்தையின் மலை வைத்தியம் பலிக்காமல் போனது அன்றைக்குத்தான். இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது பார்த்து, சன்னிதிக்குப் பக்கத்துப் படியில் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள்.

"முட்டி பிடிச்சுக்கிச்சுங்க. இத்தனை பேரையும் ஸ்ரீரங்கம் கூட்டிட்டுப் போயி, பத்திரமா மண்டபத்துல சேர்க்கணும். இவன் சின்னப் பையன், இவனால ஆகாது. நீங்கதான் இதுல பெரியவங்க. கொஞ்சம் பார்த்துக்குவீங்களா?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னப் பையனாம்! மாமா விசிலையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டு, அத்தைக்குத் தோள் கொடுத்து மெதுவாக இறக்கிவிட்டார். அடிவாரத்துக் கடைத்தெருவில் வந்து நின்று ஊதினார் பாருங்கள், வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்த அவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் பேரத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தார்கள்.

அதன் பிறகு அவரை யாராலும் அடக்க முடியவில்லை. ராஜகோபுரத்தின் கீழே நின்று, "இதுக்கு மேல பெருசு எங்கயும் கெடையாது, நல்லாப் பாத்துக்கங்க" என்று தன் சொந்தக்காரர்களை அதட்டினார். மதுரைக் கோபுரம் நல்லவேளையாக அங்கே இல்லை. முக்கொம்பில் ஆறு பிரிகிற இடத்தைக் காட்டி, காவிரியைக் கொள்ளிடம் என்றும் கொள்ளிடத்தைக் காவிரி என்றும் கூட்டத்துக்கு விளக்கினார். திருத்தப் போன என்னை அத்தை கிள்ளிய கிள்ளில் ராத்திரி வரை தொடை எரிந்தது. புளியோதரையை எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியாகத் தானும் ஒரு பொட்டலம் பிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மாலையில் பன்னீர்ச் சொம்போடு வாசலிலேயே நின்றிருந்த அப்பாவிடம், உங்கள் ஏற்பாடு ஒன்றும் சரியில்லை, நாளைக்குப் பந்தியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா அதிகாரமாகச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்கால பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் மாலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஊருக்குப் போகும்போது விசிலையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அத்தை திருப்பிக் கேட்கவே இல்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே அத்தை சீர்த்தட்டோடு மண்டப மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். "மாலைய யாரு வேணா போடலாம். வேலையக் குடுத்தாத்தாண்டா மனுஷன் நம்ம ஆளாவான்" என்றாள்.

போன தை மாதம் அதே தங்கையின் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். இப்போது நான்தான் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார்கள். தலைக்கு மேலே ட்ரோன் பறந்தது. பட்டு வேட்டியும் பன்னீர்ச் சொம்புமாக நான் முன்னால் போனால், ஈவென்ட்டுக்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "அங்கிள், ஃப்ரேமை விட்டுக் கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்கிறாள். தள்ளிக்கொண்டேன். சொம்பை வைத்துவிட்டு, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் தேடவில்லை. நாளைக்கு மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். இப்போது உண்மையிலேயே முட்டி போய்விட்டது. பின்னாலேயே, மீசை முழுக்க நரைத்த மதுரை மாமா. பெங்களூர்க்காரர்கள் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் மலைக்கோட்டைக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் அத்தை. கூட்டிப்போகப் பெரியவர்கள் யாருமில்லையாம். தனக்கோ முட்டி வலியாம்.

மாமா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து என்னிடம் நீட்டினார். கயிறு மட்டும் புதுசு. என் காதருகே குனிந்தார்.

"அன்னைக்கு டீச்சருக்கு முட்டி வலியே இல்ல தம்பி. என் தோளப் புடிச்சுத்தான் எறங்குனாங்க. கையில கனமே இல்ல."

"தெரிஞ்சுமா விசில வாங்குனீங்க?"

"கோவமாப் போயிட்டேன். எனக்கும் திரும்பி வர ஒரு வழி வேணுமில்ல?"

அத்தை எங்கோ பார்க்கிற மாதிரி நின்றிருந்தாள். வாய் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. நான் எழுந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்து ஒரு ஊது ஊதினேன். பெங்களூர்க் கூட்டம் மொத்தமும் ஃபோனிலிருந்து நிமிர்ந்து பார்த்தது.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க. முதல்ல மலைக்கோட்டை."