தாயம்மாவின் தெரு

முப்பத்தைந்து நாள் விஷஜுரத்தோடு மல்லாடிவிட்டுத் தாயம்மா ஆஸ்பத்திரியிலிருந்து காசிமேட்டுக்குத் திரும்பிய அன்று, அவள் குடியிருந்த சந்தில் பெருகிய கண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் ஒரு கட்டுமரமே விட்டிருக்கலாம். ஜட்காவிலிருந்து அவளை இறக்கிய புருஷன் வேலப்பன் அழுதான். முடியெல்லாம் கொட்டிப்போன அந்தத் தலையைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அழுதார்கள். எல்லோரையும்விட உரக்க அழுதவள் வேலப்பனின் தங்கை கன்னியம்மா. எல்லோரையும்விடத் தள்ளி நின்று அழுதவளும் அவள்தான்.

தாயம்மா அழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரோரம் பார்த்தாள். அங்கே எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும் மீன் கூடையைக் காணவில்லை.

ராயபுரத்தில் மண்டிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தெரு அவளுடையது. ஒருத்தி கூவி விற்கும் தெருவில் இன்னொருத்தி கூடை இறக்கக்கூடாது என்பது மீன் விற்கும் கரைப் பெண்களின் கட்டுப்பாடு. அதற்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்குகிறவர்கள் முகம் கொடுக்கிற வரைதான் பாத்தியதை. பதினான்கு வருஷம் வெயிலிலும் மழையிலும் நடந்து சம்பாதித்த முகங்கள் அவை. ஜுரம் தலைக்கேறிய நாட்களில் அவள் பிதற்றியதுகூட அந்தத் தெருவைத்தான். மச்சு வீட்டுக்கு வஞ்சிரம், வாத்தியார் வீட்டுக்கு நெத்திலி, கோடி வீட்டுக்குச் சங்கரா. நர்சம்மா இவையெல்லாம் ஏதோ குலதெய்வங்களின் பெயர்கள் என்று எண்ணி மனமுருகி நின்றாளாம்.

வேலப்பன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான். தெரு சும்மா கிடந்தால் வேறு எவளாவது புகுந்துவிடுவாள் என்றுதான் தங்கை கூடையைத் தூக்கினாளாம். அண்ணி தேறியதும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.

வாசலுக்கு வெளியே நின்றபடியே கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா அண்ணி அவசரம்? தொத்து வியாதி வார்டுல கெடந்தவ கையால யாரு மீனு வாங்குவாங்க? நீ பாட்டுக்கு வூட்ல குந்து. தெருவ நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பாசத்தைக் கேட்டு வேலப்பன் மறுபடியும் அழுதான்.

எட்டு நாள் கஞ்சி குடித்துக் காலில் கொஞ்சம் வலு வந்ததும், தாயம்மா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தன் தெருவுக்கு நடந்தாள். அவளைக் கண்டதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. எல்லாம் மிகுந்த இரக்கத்தோடுதான். கதவிடுக்குகளின் வழியே, ஐயோ பாவம் என்ற குரல்கள் தாராளமாக வந்தன.

மச்சு வீட்டுச் சுகிர்தம் மட்டும் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பேசினாள். வெல்ல மண்டிக்காரரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம். அவள் வாங்கும் கூடையில்தான் தெருவே வாங்கும். உன் நாத்தனார் எல்லாம் சொன்னாள் என்று தன் நெஞ்சில் கை வைத்தாள். தினமும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, உன்னை மடியில் சாய்த்து, கஞ்சி ஊட்டிவிட்டு, அந்த அழுத கண்ணோடு இங்கே கூடை சுமந்து வந்தாளே, அவள் பெண்ணா தெய்வமா என்றாள். அவள் கண்ணீரைப் பார்த்துவிட்டு, மீன் கொஞ்சம் நாறினால்கூட வாங்காமல் இருக்க மனம் வரவில்லையாம்.

அந்த வார்டுக்குள் உறவுக்காரர் யாரையும் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலப்பன் கேட்டுக்கு வெளியே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான். கன்னியம்மா அதற்குக்கூட வந்தவளல்ல. கஞ்சி ஊட்டியவள் பெயர் தெரியாத ஒரு வார்டு ஆயா.

அப்போது தெருமுனையில் கூவல் கேட்டது. கன்னியம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் பழக்கதோஷத்தில் முந்தானை கண்ணுக்குப் போனது.

தாயம்மா சண்டை போடவில்லை. தெரு முழுவதற்கும் கேட்கும்படி நன்றி சொன்னாள்.

"இவ இல்லன்னா நான் ஏதும்மா? ராவும் பகலும் என் பாயிலயேதான் படுத்துக் கெடந்தா. நான் வாய் வெச்ச கஞ்சிய மிச்சம் வெக்காம குடிப்பா. என் வேர்வைய இந்த முந்தானையாலதான் தொடப்பா."

சாத்தியிருந்த கதவுகளில் சில திறந்தன. திறந்தவர்கள் கன்னியம்மாவின் முந்தானையைப் பார்த்தார்கள். பிறகு கூடையைப் பார்த்தார்கள்.

சுகிர்தம் ஜன்னலிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். "ஏட்டி கன்னியம்மா, அந்தக் கையோடயா எங்களுக்கு மீன் அறுத்துத் தந்தே?"

கன்னியம்மாவின் முகம் வெளுத்தது. கூடையைக் கீழே இறக்கிவிட்டு, எல்லையம்மன் பேரில் சத்தியம் செய்தாள்.

"ஐய, நான் எங்கம்மா போனேன்? ஆஸ்பத்திரி கேட்டாண்டகூட கால் வெக்கலயே."

இவ்வளவு நாள் அந்தக் கண்ணீருக்காக நாறிய மீன் தின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மா சொன்னதில் எது பொய், எது சத்தியம் என்று இனி யார் கண்டது?

தாயம்மா இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சீட்டு. சுகிர்தம் மிஷன் பள்ளியில் படித்தவள். நுனிவிரலால் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். நோய் முற்றிலும் நீங்கிவிட்டது, பிறருக்குப் பயமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எனக்கு நோவு இல்லன்னு சீட்டு கீதும்மா," என்றாள் தாயம்மா. "இந்தத் தெருவுல வேற யாராண்ட கீது, சொல்லுங்க."

சுகிர்தம் கன்னியம்மாவைப் பார்த்தாள், வாத்தியார் வீட்டு வாசலைப் பார்த்தாள், தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது நாளைக்கு வஞ்சிரம் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவா என்றாள்.

கன்னியம்மா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை உண்மையாகவே அழுதாள். பார்க்கத்தான் ஆளில்லை, கதவுகள் சாத்தியாகிவிட்டன.

தாயம்மா தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு கூடையின் பக்கம் குனிந்தாள். முப்பத்தைந்து நாள் படுத்த உடம்பு, தனியாகத் தூக்க வரவில்லை.

"அழுதது போதும்," என்றாள். "ஒரு கை புடிச்சித் தூக்கி வுடு."