முப்பத்தாறில் இரண்டாம் துண்டு

ஓரங்களில் வரிசையாகத் துளை போட்ட, பச்சைக் கோடுகள் ஓடும் நீளத் தாள். அதில் அச்சாகி வந்த பட்டியலை அறிவித்தல் பலகையில் நான்தான் மாட்டினேன். மட்டம் பார்த்து, நாலு மூலைக்கும் ஊசி குத்தினேன். அவ்வளவு பெருமை எனக்கு. அதிலிருந்த பிழையும் என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அலுவலகம் கடைசிவரை சொல்லவில்லை.

எண்பதுகளின் கடைசி. கல்முனையில், குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்த வருடம்தான் எங்களுக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறையை வெள்ளையடித்துக் குளிரூட்டியும் பூட்டினார்கள். எங்கள் தலைக்கு மேலே ஓடாமல் கிடந்த மின்விசிறியை யாரும் கவனிக்கவில்லை. கொழும்பில் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்தேன் என்பதற்காக, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போகும் உரிமை எனக்கு மட்டும் கிடைத்தது.

சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. ஆகவே பாதி வயல்களுக்குத்தான் பாய்ச்சல் என்று கூட்டத்தில் முடிவாகி, சீட்டுப் போட்டுத் தெரிவு செய்தார்கள். தெரிவான வயல்களின் இலக்கங்களைப் பெரிய பதிவேட்டிலிருந்து பார்த்து நான் கம்பியூட்டரின் கட்டங்களில் அடித்தேன். தமிழ் அதற்குத் தெரியாது, பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கண் பதிவேட்டில், விரல் பொத்தான்களில். திரையை நான் பார்க்கவேயில்லை. ஆயிரம் ரூபாய்த் தாளை எண்ணுகிறவன்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான்.

பட்டியல் மாட்டிய மறுநாள் காலை, கல்முனைக்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா, எங்கள் பக்கத்து வழக்கில் ராத்தா, வந்தார். நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை. தானே நின்று வயல் செய்விப்பவர். முக்காட்டை இறுக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்று, தன் வயல் பட்டியலில் இல்லை என்றார். சீட்டில் விழுந்தது. பெயரும் இருக்கிறது. ஆனால் பெயருக்கு நேரே பதினெட்டு என்று போட்டிருக்கிறது. பதினெட்டாம் இலக்கம் ஒரு போடியாருடைய, பெரிய நிலக்காரருடைய, வயல். வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானையார், பட்டியலில் முப்பத்தாறின் இரண்டு என்று இல்லாவிட்டால் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். குளத்து மதகான துலுசு திறப்பது நாளைக் காலை. ஊறப்போட்ட விதைநெல் சாக்குக்குள் முளை விட்டுவிட்டது. நாளை விதைக்காவிட்டால் அதைக் கோழிக்குத்தான் போடவேண்டும், அவருக்கு வேறு விதையும் இல்லை.

"கம்பியூட்டர் பிழை விடாது ராத்தா" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

"அப்ப எனக்கு முன்னால அடிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். 36/2 என்று அடித்துப் பொத்தானைத் தட்டினேன். கட்டத்துக்குள் 18 என்று விழுந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் பதினெட்டு. அவர் கேட்டுக்கொண்டபடி 36/1 அடித்தேன்: முப்பத்தாறு. 36/3: பன்னிரண்டு. நடுவில் நின்ற சாய்கோட்டைக் கண்டதும் அது வகுத்துக்கொண்டு போயிருக்கிறது. ராத்தா திரையை உற்றுப் பார்த்தார். அவருக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

"மூத்த ராத்தாக்கு முழு வயலும், எனக்குப் பதினெட்டு, தங்கச்சிக்குப் பன்னெண்டு. நல்ல பங்கு. எங்கட வாப்பாகூட இப்பிடி வஞ்சகம் செய்யல்ல" என்றார். சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடும் வயலும் கொடுத்துத்தான் கலியாணம். மூன்று மகள் என்றால் ஒரு வயலுக்குள் மூன்று வரம்பு விழும், பதிவேட்டில் ஒரு சாய்கோடு விழும். பதிவேட்டைத் திறந்து புரட்டினேன். சீட்டில் விழுந்தவற்றில் சாய்கோடு உள்ள இலக்கங்கள் மொத்தம் இருபத்து மூன்று. அவற்றில் பத்தொன்பதுக்கு நேரே பெண்ணின் பெயர். தசமம் வந்தால் பட்டியல் அசிங்கமாக இருக்கும் என்று அதையும் நானே மறைத்து வைத்திருந்தேன், இல்லாவிட்டால் 41/3 பதின்மூன்றே சொச்சமாக நின்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். அழகு பார்த்து இருபத்து மூன்று குடும்பங்களின் தண்ணீரை அடைத்திருந்தேன்.

பொறுப்பதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான், ஆனால் கையெழுத்து வைத்த தாள் என்றால் வேதம் என்று நினைப்பவர். பட்டியல் மாவட்டத் தலைமை அலுவலகமான கச்சேரிக்குப் போய்விட்டது, இனி மாற்றமுடியாது என்றார். வந்திருப்பவருக்கு வேண்டுமானால் இருநூற்று முப்பத்தாறு என்று சாய்கோடில்லாத புது இலக்கம் கொடுத்து ஒரு துண்டு எழுதிக் கொடுக்கலாம், மற்றவர்கள் கேட்டால் அப்போது பார்க்கலாம் என்றார்.

ராத்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார்.

"அந்த வரம்ப எங்கட வாப்பா கயிறு புடிச்சுப் போட்ட, சேர். முப்பத்தாறுல ரெண்டாம் துண்டு எண்டு காணி உறுதியில இரிக்கி. உங்கட பெட்டிக்கு விளங்கல்ல எண்டதுக்காக நான் ஏன் என்ட இலக்கத்த மாத்தணும்? பெட்டிய மாத்துங்க." பிறகு, "எனக்கு மட்டும் துண்டு தந்தா வாங்கமாட்டன். மத்தப் பொம்புளையளுக்கும் விதை முளைச்சுத்தான் கிடக்கு" என்றார்.

அதிகாரி அவரை வெளியே இருக்கச் சொன்னார். அவர் வெளியே போகவில்லை. கம்பியூட்டர் அறைக்குள் போய், என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப யாருக்கும் துணிவில்லை.

நான் திரையின் முன் இருந்து விழித்தேன். பெயர்கள் மட்டும் எப்படிப் பிழையில்லாமல் விழுந்தன என்று யோசித்தபோதுதான் கண்ணில் பட்டது. கட்டத்துக்குள் நாம் அடித்தது என்னவென்று திரையின் உச்சியில் ஒரு வரி காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அங்கே தலையில் ஒரு சின்னக் கீற்று, ஒற்றை மேற்கோள் குறி. எழுத்தில் தொடங்கினால் கம்பியூட்டர் தானே அதைப் போட்டுக்கொள்கிறது. இலக்கத்தில் தொடங்கினால் போடுவதில்லை, கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நானே அந்தக் கீற்றை முதலில் அடித்து, பிறகு 36/2 அடித்தேன். கட்டத்துக்குள் 36/2 என்றே நின்றது. வகுக்கவில்லை, பெருக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி வைத்துக்கொண்டது.

"இரிக்கா?" என்று கேட்டார் ராத்தா, நிலத்திலிருந்தபடியே.

"ஓம் ராத்தா, இரிக்கி" என்றேன். பிழை விடாது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை, மற்ற இருபத்திரண்டையும் அடியுங்கள் என்றார். ஒவ்வோர் இலக்கமாக நான் வாசிக்க, அவர் பதிவேட்டில் விரல் வைத்துச் சரி பார்த்தார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது புதுப் பட்டியல் அச்சாகி முடிந்தது. அதிகாரி கையெழுத்து வைக்க மறுத்தார். நான் பலகைக்குப் போய், அவர் கையெழுத்திட்ட தாளைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்தில்லாத தாளைக் குத்தினேன். ஒரு பிரதியை ராத்தாவே பஸ் ஏறி வட்டவிதானையாரிடம் கொண்டுபோனார். அவர் தேடியது இலக்கத்தைத்தான், கையெழுத்தையல்ல. மறுநாள் இருபத்து மூன்று துண்டுகளுக்கும் தண்ணீர் பாய்ந்தது.

பத்து நாளில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் விஷயம் முடிந்துவிடும் என்று நண்பர்கள் புத்தி சொன்னார்கள். வீட்டில் மனைவி பிள்ளைகளைக் காட்டினாள். இடமாற்றம் வரும் என்று எனக்குத் தெரியும், வந்தது, நாலு வருடம் ஊருக்கு வெளியே கிடந்தேன். இப்போது பேரன் ஒருவன் கைத்தொலைபேசியிலேயே இந்தக் கட்டங்களை நிரப்புகிறான், அவனுடையதும் சாய்கோட்டைக் கண்டால் திகதியாக மாற்றிவிடுகிறது. அவன் அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறான். எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

கடிதத்தில் கேள்வி ஒன்றுதான்: கையெழுத்திட்ட பட்டியலை யாருடைய உத்தரவின் பேரில் அகற்றினீர்? நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: 36/2ஆம் இலக்க வயலின் சொந்தக்காரியுடைய உத்தரவின் பேரில்.